மரம் எப்படிக் கல்லாகிறது? வாசகர் கேள்வி பதில்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். 'மரத்தின் அணுக்கள் ஒவ்வொன்றாக வெளியேற, அந்தந்த இடத்தில் கல்லின் அணுக்கள் உட்கார்ந்துகொண்டன' என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லலாமா?
– ஆசிரியை, திண்டிவனம்

வேண்டாம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் நடந்தது அவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை.

மரம் கல்லாக வேண்டுமானால் முதலில் அது மட்காமல் தப்ப வேண்டும். விழுந்த மரத்தைக் கரையானும் பூஞ்சையும் சில ஆண்டுகளிலேயே தின்று தீர்த்துவிடும். ஆனால் இரண்டுக்கும் காற்று தேவை. வெள்ளம் கொண்டுவந்த மணலோ வண்டலோ எரிமலைச் சாம்பலோ மரத்தைச் சட்டென்று மூடி, நிலத்தடி நீரும் அதை ஊறவைத்தபடியே இருந்தால் ஆக்சிஜன் உள்ளே புகாது. மட்குவது நின்றுவிடாது, மிகவும் மெதுவாகிவிடும். அந்த அவகாசம்தான் முக்கியம்.

அடுத்து, நீரில் கரைந்த சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) வர வேண்டும். எரிமலைச் சாம்பலிலிருந்தும், மணலில் உள்ள ஃபெல்ஸ்பார் கனிமம் சிதைவதிலிருந்தும் சிலிக்கா நீரில் இறங்குகிறது. எரிமலைச் சாம்பலில் இருப்பது போன்ற கண்ணாடித்தன்மை கொண்ட சிலிக்கா, அறை வெப்பநிலையில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும். சாதாரணக் குவார்ட்ஸ் மணல் கரைவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எரிமலைச் சாம்பல் படிந்த இடங்களில் கல்மரங்கள் அதிகம் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

இப்படிக் கரைந்து வரும் சிலிசிக் அமிலம், மரத்தின் செல்சுவரில் உள்ள செல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. சுவரின் மேல் மெல்லிய படலம் விழுகிறது. படலத்தின் மேல் படலம் சேர்கிறது. பிறகு செல்லின் உள்வெற்றிடம் நிரம்புகிறது. நடுவே சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைய, அந்த இடத்திலும் சிலிக்கா புகுகிறது. ஆக, நிரம்புவதுதான் முதல் வேலை. மாற்றீடு பிறகு வருகிறது, அதுவும் பல மரங்களில் அரைகுறையாகவே. சில மாதிரிகளில் சிலிக்காவை மட்டும் அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டால், மிஞ்சிய செல்சுவர் அப்படியே நிற்பதை ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம். எல்லா அணுவும் வெளியேறியிருந்தால் அது எப்படி நிற்கும்?

முதலில் படிவது பெரும்பாலும் ஓப்பல், அதாவது நீர் கலந்த, படிகமாகாத சிலிக்கா. காலம் போகப் போக அது படிகமாகிக் குவார்ட்ஸ் ஆகிறது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிறங்கள் இரும்பு தந்தவை. கறுப்புக்கு மாங்கனீசோ மிச்சமிருக்கும் கரியோ காரணம்.

ஆறாம் வகுப்புக்கு ஹைட்ரஜன் பிணைப்பு தேவையில்லை. பலகையில் இரண்டே கேள்விகளை எழுதுங்கள்: 'இந்த மரம் ஏன் மட்கவில்லை?', 'இதற்குள் இருக்கும் கல் எங்கிருந்து வந்தது?' இரண்டாவது கேள்வியை நம் வகுப்பறைகளில் யாரும் கேட்பதே இல்லை. கேட்டால், 'தண்ணீரில்' என்ற பதிலைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

திருவக்கரை மரங்கள் கல்லாக 2 கோடி ஆண்டுகள் ஆயின என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கடலூர்

2 கோடி ஆண்டு என்பது அவற்றின் வயது. கல்லாக எடுத்துக்கொண்ட காலம் வேறு. பெற்றோர் பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஜப்பானின் தத்தேயாமா எரிமலைப் பகுதி வெந்நீர் ஊற்றில் ஆல்டர் மரத்துண்டுகளைப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். ஏழே ஆண்டுகளில் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சிலிக்கா ஏறியிருந்தது. அந்த ஆய்வு 2004-இல் வெளியானது. சூடும் சிலிக்காவும் மிகுந்த நீர் அது. சாதாரண நிலத்தடி நீரில் இதைவிடப் பன்மடங்கு காலம் ஆகும். ஓப்பல் குவார்ட்ஸாக மாற இன்னும் நெடுங்காலம் வேண்டும். ஆனாலும் மரம் மட்கி முடிவதற்குள் சிலிக்கா உள்ளே வந்து சேர்ந்தாக வேண்டும். கோடி ஆண்டு காத்திருந்தால் கல்லாக்குவதற்கு மரமே இருக்காது.

வகுப்பில் பஞ்சைக் 'கல்லாக்கும்' சோதனை செய்தோம். வெளியே ஓடு போல இறுகியது, உள்ளே தொளதொளவென்று இருந்தது. இன்னொரு குழுவின் பஞ்சு ஒரு வாரமாகியும் காயவே இல்லை. எங்கே தவறு?
– அறிவியல் ஆசிரியர், பண்ருட்டி

முதல் குழு வெயிலில் வைத்திருப்பார்கள். இரண்டாவது குழு சமையல் உப்பைப் பயன்படுத்தியிருப்பார்கள். முழு முறையையும் எழுதிவிடுகிறேன்.

பாத்திரம் கழுவும் பஞ்சின் மஞ்சள் பகுதி மட்டும் போதும். பச்சைச் சொரசொரப்பை உரித்துவிடுங்கள். எலும்பு வடிவிலோ மரத்துண்டு வடிவிலோ 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நுரை அடங்கும்வரை வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்து, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நகைக்கடையில் இருப்பது போன்ற சிறிய தராசு கிடைத்தால் நல்லது.

பார்சல் வாங்கிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் அடியில் ஆறேழு துளை போட்டு, மேலே பழைய பருத்தித் துணி விரித்து, 2 சென்டிமீட்டர் மணல் பரப்புங்கள். அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் 3 சென்டிமீட்டர் மணல். ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும். ஆனால் அதைச் சலித்து நான்கைந்து முறை கழுவியாக வேண்டும். அதிலுள்ள மாவுத்தூள் துளைகளை அடைத்துக்கொண்டால் கரைசல் கீழே இறங்காமல் மேலேயே தேங்கிவிடும்.

கரைசலுக்குப் பேதி உப்பு வாங்குங்கள். மருந்துக்கடையில் எப்சம் உப்பு என்றும், உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் என்றும் கொடுப்பார்கள். 200 மில்லி வெந்நீரில் 200 கிராம் போட்டுக் கலக்குங்கள். வெந்நீரை ஆசிரியரே ஊற்ற வேண்டும். இரண்டு சொட்டு உணவு நிறம் விட்டால் கரைசல் எதுவரை ஊறியது என்பது பின்னால் தெரியும். ஆறிய பிறகு தினம் 50 மில்லி வீதம் ஐந்து நாள் ஊற்றுங்கள். அடியில் தட்டு வைத்து, வடிந்ததைப் பிடித்து மறுபடி ஊற்றுங்கள். குப்பியில் அடியில் படிகம் கட்டியிருந்தால் லேசாகச் சூடாக்கினால் கரைந்துவிடும். நிலத்தடி நீர் ஒரே நாளில் வந்து போவதில்லை என்பதை இந்த ஐந்து நாள் சொல்லாமலே சொல்லிவிடும்.

ஆறாம் நாள் முதல் எதுவும் ஊற்றக் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். உங்கள் முதல் குழு தவறியது இங்கேதான். வெயிலில் வைத்தால் நீர் மேற்பரப்பிலிருந்து வேகமாக ஆவியாகும். உள்ளிருக்கும் நீர் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஓடு கட்டும், உள்ளே காலி. சமையல் உப்பு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், அதனால் காயாது. பேதி உப்பில் அந்தத் தொல்லை குறைவு. என்றாலும் கார்த்திகை மாதத்தில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள். தை, மாசியில் செய்யுங்கள்.

எடுக்கும்போது பஞ்சைச் சுற்றி மணலும் கட்டி தட்டியிருக்கும். இதைக் கண்டு பலர் சோதனை கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை, தளர்ந்த மணல் மணற்கல்லாவதும் இப்படித்தான் என்று சொல்லிக்கொடுக்க நல்ல வாய்ப்பு. ஐஸ் குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் மெல்ல விடுவிக்கச் சொல்லுங்கள். மறுபடி எடை போட்டு, எத்தனை மடங்கு கூடியது என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிய இன்னொரு டப்பாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறுகியது உப்பாலா மணலாலா என்று வாதம் முடியாது.

கடைசியில் 'கல்லான' பஞ்சை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உப்பு கரைந்து பழைய பஞ்சு திரும்பி வரும். 'திருவக்கரை மரத்தின்மேல் 2 கோடி ஆண்டு மழை பெய்தும் ஏன் கரையவில்லை?' என்று அப்போது கேளுங்கள். உப்புக்கும் சிலிக்காவுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே விளங்கும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் சோதனையில் பாதிதான் நடந்ததாகக் கணக்கு.

பேதி உப்பை யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரே காரணம் சொல்லும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சங்கு அச்சு எடுப்பதும் இதே பாடத்துக்குப் பொருந்துமா?
– பெற்றோர், தாம்பரம்

புதைபடிவம் என்ற பாடத்துக்குப் பொருந்தும், கல்மரத்துக்குப் பொருந்தாது. சங்கு கரைந்துபோய், அது விட்டுச்சென்ற குழியில் வேறு பொருள் நிரம்பினால் கிடைப்பது வார்ப்பு. வெளிவடிவம் மட்டும் இருக்கும், உள்ளமைப்பு இருக்காது. கல்மரத்தில் செல் வரைக்கும் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.

செய்வதானால்: களிமண்ணில் சங்கை அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒரு கப் தண்ணீருக்கு இரண்டு கப் பொடி; பொடியைத் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பொடியில் ஊற்றினால் கட்டி தட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகும். இறுகும்போது நன்றாகச் சூடேறும் என்பதால் பிள்ளைகளின் கையையே அச்செடுக்கும் விளையாட்டு கூடவே கூடாது, தோல் வெந்துவிடும். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். காகிதத்தில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

சாளக்கிராமமும் புதைபடிவம்தானா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

ஆம். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் சக்கரம் தெரிவது அம்மோனைட் என்ற கடலுயிரியின் சுருள் ஓடு. ஜுராசிக் காலத்தது. இமயமலை எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்தது. கறுப்புக் களிக்கல்லில் உருண்டை கட்டிய அந்த ஓட்டை ஆறு உருட்டி வெளியே கொண்டுவருகிறது. வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பூஜையில் இருப்பதைச் சுரண்டியோ எலுமிச்சைச் சாறு விட்டோ சோதிக்க வேண்டாம். பாட்டியோடு சண்டை வரும்.

திருவக்கரையா, சாத்தனூரா? ஒரு நாள்தான் இருக்கிறது. அங்கே போய் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?
– தலைமையாசிரியர், விருத்தாசலம்

உங்களுக்குச் சாத்தனூரும் எட்டும் தூரம்தான். ஆனாலும் சின்ன வகுப்பு என்றால் திருவக்கரைதான். அங்கே சுமார் 200 கல்மரங்கள் தரையில் கிடக்கின்றன. பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுக்கு மேல் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு மரம். 18 மீட்டர் நீளம், கிரெட்டேசியக் காலம் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம்), கடல் உள்நாடு வரை ஏறி வந்திருந்த நேரத்தில் கடல் வண்டலில் புதைந்தது. 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதை அடையாளம் கண்டார். பெரிய பிள்ளைகளுக்கு, அதுவும் அரியலூர்ப் பகுதியோடு சேர்த்துப் பார்த்தால், சாத்தனூர் சுவையானது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது.

திருவக்கரை மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-லேயே குறித்துவைத்தார். இன்று அந்த இடம் நிலவியல் ஆய்வுத்துறையின் பராமரிப்பில் இருக்கிறது. போனதும் பிள்ளைகள் ஓடிப்போய் ஏறி நிற்பார்கள், அதை முதலில் நிறுத்துங்கள். பிறகு, 'கிளை, வேர், இலை எங்கே? தேடிக் கண்டுபிடியுங்கள்' என்று அனுப்பிவிடுங்கள். அரை மணி நேரம் தேடுவார்கள், கிடைக்காது. மரங்கள் அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று நிலவியலாளர்கள் முடிவு செய்ததற்கு இது ஒரு சான்று. பதிலை முன்கூட்டியே சொன்னால் தேடலின் ருசி போய்விடும்.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் நான்கு பிள்ளைக்கு ஒன்று வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தலையைக் கல்லின் அருகே கொண்டுபோக வேண்டும். கல்லின்மேல் லென்ஸை வைத்துவிட்டு எட்டி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குறுக்கே உடைந்த முகத்தில் வளையமும், மையத்திலிருந்து விரியும் மெல்லிய கதிர்க்கோடுகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஆனால் வளையத்தை எண்ணி வயது சொல்லவைக்காதீர்கள். வெப்பமண்டல மரங்களில் ஆண்டுக்கு ஒரு வளையம் என்பது நிச்சயமில்லை.

சில மரங்கள் வாளால் அறுத்ததுபோல் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து, 'யார் சார் அறுத்தது?' என்று ஒரு குரல் வரும். அமெரிக்காவின் அரிசோனா கல்மரப் பூங்காவிலும் பார்வையாளர்கள் இதையேதான் கேட்கிறார்கள். குவார்ட்ஸ் வளையாது. சுற்றியுள்ள மண் அசைந்து இறங்கும்போது நீளமான கல்மரம் குறுக்கே நறுக்கென்று முறிகிறது.

அங்கிருந்து சின்னத் துண்டு ஒன்று எடுத்து வந்து வகுப்பில் வைக்கலாமா?
– மாணவி, செஞ்சி

கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம். ஆளுக்கொரு துண்டு எடுத்தால் பூங்காவே இருக்காது. அரிசோனாவில் எடுத்துப் போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு கற்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி வந்தவற்றை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால் பழைய இடத்தில் வைக்க முடியாமல் தனிக் குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள், போதும்.

கிணறு வெட்டியபோது மரம் போன்ற கல் ஒன்று கிடைத்தது. கல்மரமா என்று எப்படிப் பார்ப்பது?
– விவசாயி, ஜெயங்கொண்டம்

கையில் தூக்கிப் பாருங்கள். சிலிக்காவின் அடர்த்தி நீரைப்போல் 2.6 மடங்கு, மரத்துக்குரிய பருமனில் கல்லின் கனம் இருக்கும். பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழாது, மாறாகக் கல்லின் முனை கண்ணாடித் துண்டைக் கீறும். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புக் கனிமம். உடனே தள்ளிவிடாதீர்கள், சுண்ணாம்பு ஏறிய கல்மரமும் உண்டு. முடிவு சொல்வது லென்ஸ்தான்: பக்கவாட்டில் நீளவாக்கில் நாரோட்டமும், குறுக்கு முகத்தில் நுண்துளைகளும் தெரிய வேண்டும். எல்லா முகத்திலும் ஒரே மாதிரிப் பட்டை ஓடினால் அது வெறும் பட்டைக்கல்.

தரைக்குப் பதிக்கும் கற்பலகையில் கறுப்பாகச் செடிபோல் படர்ந்திருப்பதைப் பார்த்து 'பெரணிப் புதைபடிவம்' என்று பலர் எடுத்து வைக்கிறார்கள். அது கல்லின் வெடிப்பில் ஊறிய மாங்கனீசு. நடு நரம்பு இருக்காது, இலையின் ஒழுங்கும் இருக்காது.

உருண்டையாக ஏதாவது கிடைத்தாலும் இதே எச்சரிக்கைதான். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த பெரிய உருண்டைகள் டைனோசர் முட்டை என்று சமூக ஊடகத்தில் பரவின. நிலவியலாளர்கள் பார்த்து, அவை கடல் வண்டல் கட்டிய உருண்டைகள் என்றார்கள். உங்கள் கல் கல்மரம்தான் என்று தோன்றினால் கிடைத்த ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத கல்லால் ஆய்வாளருக்கு அதிகப் பயன் இல்லை.

கோடி ஆண்டு என்றால் என் மகளுக்குப் புரியவில்லை. 'தாத்தா காலத்திலா?' என்கிறாள்.
– தந்தை, மதுரை

மொட்டைமாடியில் 46 மீட்டர் கயிறு கட்டுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் மடக்கி மடக்கிக் கட்டலாம். ஒரு மீட்டர் 10 கோடி ஆண்டு. மொத்தக் கயிறும் பூமியின் வயதான 460 கோடி. இன்றைய முனையிலிருந்து அளந்து துணிக்கிளிப் போடச் சொல்லுங்கள். திருவக்கரை மரம் 20 சென்டிமீட்டரில். டைனோசர்கள் அழிந்தது 66 சென்டிமீட்டரில். சாத்தனூர் மரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 12 கோடி ஆண்டை வைத்தால் 1 மீட்டர் 20. டைனோசர்கள் தோன்றியது ஏறத்தாழ 2 மீட்டர் 30-இல். நம் மனித இனம் வந்து சுமார் 3 லட்சம் ஆண்டு, கயிற்றில் 3 மில்லிமீட்டர். கிளிப்பின் அகலத்துக்குள்ளேயே அது மறைந்துவிடும் என்பதால் அங்கே மட்டும் பேனாவால் கோடு போட வேண்டும். கரிகாலன் காலத்தையும் குறிக்கச் சொல்லிக் கேட்பாள், 0.02 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு, குறிக்க முடியாது. நைலான் கயிறு இழுத்தால் நீளும், அளவு மாறிவிடும். சணல் வாங்குங்கள்.